சின்ன அடிக்கு க்ளெய்ம் போடலாமா?

காரில் சிறு சேதம் ஏற்பட்டால் காப்பீட்டில் சரிசெய்வதா, கைக்காசு போட்டுச் சரிசெய்வதா என்பதை இரண்டு தொகைகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, காப்பீட்டு நிறுவனம் உண்மையில் தரப்போகும் பணம். ஒர்க் ஷாப் போடும் பில்லைவிட இது அநேகமாக எப்போதும் குறைவு. மற்றது, க்ளெய்ம் வாங்கியதால் வரும் ஆண்டுகளில் பிரீமியத்தோடு கூடுதலாகக் கட்ட வேண்டிய பணம். பெரும்பாலானோர் நினைத்திருப்பதைவிட இது அதிகம். முதல் தொகை உடனே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது ஐந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் பிரிந்து போவதால் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது தொகையைக் கண்டுபிடிக்கும் வழியில்தான் அதிக நேரம் நிற்கிறது.

எந்த பாலிசியைப் பார்ப்பது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி காப்பீட்டை மட்டும்தான். அடுத்தவருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, பொருள் சேதம் ஆகியவற்றுக்கான காப்பீடு அது. சொந்த காரில் விழும் நெளிவுக்கும் கீறலுக்கும் அதில் ஒரு ரூபாயும் கிடைக்காது. அதற்கு ஓன் டேமேஜ் என்ற பகுதி வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே முடிவெடுக்க எதுவுமில்லை, செலவு அவருடையது.

2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீட்டைச் சேர்த்தே விற்க வேண்டும் என்றானது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஓன் டேமேஜை மட்டும் தனி பாலிசியாக வாங்கவும் முடிகிறது. அதனால் ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்களின் பாலிசிகள் இருப்பது இப்போது சாதாரணம். சேதம் நடந்த பதற்றத்தில் தவறான நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். சொந்த காரின் சேதத்துக்கு ஓன் டேமேஜ் பாலிசி யாரிடம் இருக்கிறதோ அவர்களைத்தான் அழைக்க வேண்டும்.

நோ க்ளெய்ம் போனஸ் இழப்பின் உண்மையான அளவு

ஓர் ஆண்டு முழுக்க ஓன் டேமேஜில் க்ளெய்ம் எதுவும் வாங்காதவருக்கு அடுத்த ஆண்டின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு உண்டு. இதுதான் நோ க்ளெய்ம் போனஸ். தொடர்ந்து 2 ஆண்டுகள் வாங்காவிட்டால் 25, 3 ஆண்டுகளுக்கு 35, 4 ஆண்டுகளுக்கு 45, 5 ஆண்டுகளுக்கு 50 சதவீதம். 50-க்கு மேல் போகாது. தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் இந்தக் கழிவு கிடையாது. அது அரசு நிர்ணயிக்கும் தொகை. 1000 முதல் 1500 சிசி வரையிலான கார்களுக்கு 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணம் 3,416 ரூபாய். எத்தனை க்ளெய்ம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது மாறாது.

ஒரே ஒரு க்ளெய்ம் போதும், போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 3,000 ரூபாய் வாங்கினாலும் 3 லட்சம் வாங்கினாலும் இதில் வித்தியாசம் இல்லை. யார் மேல் தப்பு என்பதும் கணக்கில் வராது. சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்திருந்தாலும், சொந்த ஓன் டேமேஜ் பாலிசியில் பணம் வாங்கினால் போனஸ் போனதுதான். பெயரே சொல்வதுபோல இது க்ளெய்ம் வாங்காததற்கான கழிவு. நன்றாக ஓட்டியதற்கான பரிசு என்று எண்ணிக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

போனஸ் போவதால் வரும் இழப்பை அடுத்த ஆண்டோடு நிறுத்திக் கணக்கிடுவதுதான் பரவலான பிழை. 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு க்ளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் அவருக்குக் கழிவே இல்லை. அங்கே 50 சதவீதம் இழப்பு. அதற்கடுத்த ஆண்டு 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஆனால் க்ளெய்ம் வாங்காமல் இருந்திருந்தால் 50 கிடைத்திருக்கும். ஆக இழப்பு 30. பிறகு 25, 15, 5 என்று குறைந்து, ஆறாவது புதுப்பிப்பில்தான் பழைய இடத்துக்கு வந்து சேர்கிறார். கூட்டினால் 125 சதவீதம். அதாவது, கழிவுக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தில் ஒன்றேகால் ஆண்டுக்கான தொகை கையை விட்டுப் போகிறது.

போனஸ் ஏணியில் கீழே இருப்பவர்களுக்கு இழப்பு குறைவு. நடப்பு பாலிசியில் 45 சதவீதம் உள்ளவருக்கும் 125தான். 35 உள்ளவருக்கு 120. 25 உள்ளவருக்கு 105. 20 உள்ளவருக்கு 80. போனஸே இல்லாதவருக்கு, அதாவது புது காரின் முதல் ஆண்டில் இருப்பவருக்கோ, பழைய கார் ஒன்றை வாங்கிப் புதிதாக பாலிசி எடுத்தவருக்கோ, 50 சதவீதம்தான் இழப்பு. அவர் ஏணியில் ஏறுவது ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவே.

இந்த எண்களை ரூபாயாக மாற்ற பாலிசி அட்டவணையில் ஒரே ஒரு வரியைப் பார்த்தால் போதும். ஓன் டேமேஜ் பிரீமியத்துக்குக் கீழே நோ க்ளெய்ம் போனஸாக எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்பது அச்சிடப்பட்டிருக்கும். 50 சதவீதம், 4,000 ரூபாய் என்று இருந்தால் கழிவுக்கு முந்தைய தொகை 8,000. அதில் 125 சதவீதம் 10,000. பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதால் கையிலிருந்து போவது 11,800. 50 சதவீதத்தில் இருப்பவர் இன்னும் சுருக்கமாக, அந்த வரியில் உள்ள தொகையை இரண்டரையால் பெருக்கி வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே காரை வைத்திருக்கும்வரை இது உச்சபட்ச இழப்பு. காரின் வயது ஏற ஏறக் காப்பீட்டு மதிப்பு குறைந்து பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான தொகை சற்றுக் கீழே வரலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் வேறொரு பெரிய விபத்து வந்து எப்படியும் க்ளெய்ம் போட நேர்ந்தாலும், இன்றைய சின்ன க்ளெய்மின் பங்கு அங்கேயே நின்றுவிடும். மறுபக்கம், ஓரிரு ஆண்டுகளில் புது கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இழப்பு கூடும். போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது அதை எடுத்துக்கொண்டுபோய்ப் புது காரின் பாலிசியில் வைக்கலாம். 3 ஆண்டுகள் வரை பத்திரப்படுத்தியும் வைக்கலாம். 12 லட்ச ரூபாய் காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் என்பது 4 லட்ச ரூபாய் காரின் 50 சதவீதத்தைவிட மிகப் பெரிய பணம். கார் மாற்றும் திட்டம் உள்ளவர் போனஸைக் கூடுதல் கவனத்தோடு காப்பாற்ற வேண்டியது இதனால்தான்.

பில்லில் எவ்வளவு கைக்கு வரும்

முதல் கழிவு கட்டாயப் பிடித்தம். 1500 சிசி வரையிலான கார்களுக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். ஒர்க் ஷாப்களில் இதை ஃபைல் சார்ஜ் என்று சொல்வார்கள். பிரீமியத்தைக் குறைப்பதற்காக பாலிசி எடுக்கும்போது 2,500, 5,000 என்று விருப்பப் பிடித்தம் வைத்துக்கொண்டவர்களுக்கு அதுவும் சேரும். இந்த விவரம் பலருக்கு நினைவில் இருக்காது. ஆன்லைனில் மலிவான தொகையைத் தேடிப் பொத்தானை அழுத்தியபோது அது சேர்ந்திருக்கும். 5,000 ரூபாய் விருப்பப் பிடித்தம் உள்ள பாலிசியில் 7,000 ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் போடுவது வீண்.

அடுத்தது தேய்மானம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குக் காரின் வயது எதுவானாலும் பாதி விலைதான் கிடைக்கும். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. இரும்புத் தகடு உள்ளிட்ட மற்ற பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிவு மாறும்: முதல் 6 மாதம் எதுவுமில்லை, ஓராண்டுக்குள் 5 சதவீதம், 2 ஆண்டுக்குள் 10, 3 ஆண்டுக்குள் 15, 4 ஆண்டுக்குள் 25, 5 ஆண்டுக்குள் 35, 10 ஆண்டுக்குள் 40, அதற்கு மேல் 50. பெயின்டிங்கில், மொத்தக் கூலியில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். டிங்கரிங் கூலி, மாட்டும் கூலி ஆகியவற்றில் தேய்மானம் கிடையாது.

சின்ன அடிகளில் முதலில் உடைவது பம்பர். இன்றைய கார்களில் அது பிளாஸ்டிக். சின்ன க்ளெய்ம்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஓர் உதாரணம். நான்கரை வயதான 1200 சிசி கார். ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துப் பின் பம்பர் விரிந்து, டிக்கி கதவில் நெளிவு விழுந்திருக்கிறது. விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, வரி சேர்த்தவை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பம்பர் 6,000, பம்பருக்கும் டிக்கிக்கும் பெயின்டிங் 8,000, டிங்கரிங்கும் மாட்டும் கூலியும் 2,500, கிளிப், டேப் போன்ற சில்லறைப் பொருள்கள் 300; மொத்தம் 16,800 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் பம்பருக்கு 3,000, பெயின்டிங்குக்கு 7,000, கூலிக்கு 2,500 தரும். சில்லறைப் பொருள்களுக்குத் தனி கவர் எடுத்திருந்தாலொழிய எதுவும் இல்லை. ஆக 12,500, அதில் கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் 11,500. காரை எடுக்கும்போது உரிமையாளர் 5,300 ரூபாய் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

இவர் மேலே சொன்ன 8,000 ரூபாய் பிரீமியக்காரர், 50 சதவீத போனஸில் இருப்பவர் என்றால், வாங்கப்போவது 11,500, இழக்கப்போவது 11,800. க்ளெய்மால் அவருக்கு லாபமே இல்லை. படிவம், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்காகக் காத்திருப்பு, போன் அழைப்புகள் இவைதான் மிச்சம். இதே வேலையை நல்ல வெளி ஒர்க் ஷாப் ஒன்று பழைய பம்பரையே ஒட்டிச் சரிசெய்து 10,500 ரூபாய்க்கு முடித்துத் தருமென்றால், கைக்காசில் செய்வதுதான் தெளிவாக மலிவு. க்ளெய்ம் வழியில் அவருடைய மொத்தச் செலவு 5,300-உம் 11,800-உம் சேர்ந்து 17,100 அல்லவா?

அதே காரை இந்த ஆண்டுதான் வேறொருவர் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விற்றவரின் போனஸ் காரோடு வராது. ஆகவே இவர் பூஜ்யத்தில் இருக்கிறார். இவருடைய இழப்பு 8,000-இல் 50 சதவீதம், வரியோடு 4,720 ரூபாய். அதோடு கட்ட வேண்டிய 5,300-ஐச் சேர்த்தால் 10,020. வெளி ஒர்க் ஷாப் செலவுக்கும் குறைவாகக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பம்பரோடு வேலை முடிகிறது. இவர் க்ளெய்ம் போடுவதே சரி. நெளிவு ஒன்றுதான், ஆனால் பாலிசி அட்டவணையின் ஒரு வரியால் முடிவு மாறுகிறது.

ஆகவே, அடி எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்து 10,000-க்குக் கீழ் என்றால் வேண்டாம், மேலே என்றால் போடலாம் என்று வாய்வழியாகப் பரவும் விதிகளை நம்ப வேண்டியதில்லை. எஸ்டிமேட்டையும் அந்த ஒரு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

ஆட்-ஆன்கள் கணக்கை எப்படி மாற்றும்

ஆட்-ஆன் என்பது கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளும் கவர். பம்பர் டு பம்பர் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் தேய்மானக் கழிவு இல்லை. மேலே உள்ள உதாரணத்தில் 11,500 என்பது 15,500 ஆகும். 50 சதவீத போனஸ்காரருக்கு அப்போது மொத்தச் செலவு 13,100. வெளி ஒர்க் ஷாப்பில் செய்ய மனமில்லை, எப்படியும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விடுவேன் என்பவருக்கு 16,800-ஐவிட இது குறைவு, அவர் போடலாம். வெளியில் 10,500-க்குச் செய்துகொள்ளத் தயாராக இருப்பவர் அப்போதும் போட வேண்டியதில்லை. ஆனால் ஜீரோ டெப்ரிசியேஷனில் ஆண்டுக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்ற வரம்பைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. பாலிசி ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு கீறலுக்காக அதில் ஒன்றைச் செலவழித்துவிட்டால், பிறகு பெரிய அடி வரும்போது கைவசம் இருப்பது குறைந்துவிடும்.

நோ க்ளெய்ம் போனஸ் பாதுகாப்பு என்ற ஆட்-ஆன் உள்ளவருக்கு இரண்டாவது தொகையே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவர் பிடித்தத்தையும் தேய்மானத்தையும் மட்டும் பார்த்தால் போதும். எத்தனை க்ளெய்ம் வரை பாதுகாப்பு, எந்தச் சதவீதத்திலிருந்து அது செல்லும், நிறுவனம் மாறினாலும் செல்லுமா என்ற நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் பாலிசி வாசகத்தைப் படித்த பிறகே இதை நம்ப வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பாலிசி ஆண்டில் ஏற்கனவே ஒரு க்ளெய்ம் வாங்கியாகிவிட்டது என்றால் அந்த ஆண்டுக்கான போனஸ் போய்விட்டது. அதே ஆண்டில் நடக்கும் அடுத்த சிறு சேதத்துக்குப் புதிதாக இழக்கப் போனஸ் இல்லை. பிடித்தம் போகக் கணிசமாக ஏதாவது மிஞ்சுமென்றால் இரண்டாவது க்ளெய்முக்குத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்தடுத்து க்ளெய்ம் வாங்கியவருக்குப் புதுப்பிக்கும்போது நிறுவனம் தன் விருப்பப்படி தரும் தள்ளுபடி குறையலாம். ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் பொறுத்தவரை இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது.

சின்ன அடிதானா என்பதை உறுதிசெய்தல்

இந்தக் கணக்கெல்லாம் சேதம் உண்மையிலேயே சின்னது என்றால்தான் பொருந்தும். பிளாஸ்டிக் பம்பர் அடியை வாங்கிக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடியது. வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியும், உள்ளே அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள் ஒடிந்திருக்கும். முன்பக்க அடியென்றால் பம்பருக்குப் பின்னாலேயே ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. ஹெட்லைட்டின் காதுகள் மிக மெல்லியவை; கண்ணாடி முழுசாக இருக்கும், பிடிமானம் உடைந்து விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கிங் சென்சார், ரேடார் போன்றவை பம்பரிலேயே பதிந்திருக்கும் புதிய கார்களில் ஒரு சின்ன இடி பெரிய பில்லாக வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

கையால் செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிக்கியையும் கதவுகளையும் திறந்து மூடும்போது இடிக்கிறதா, சத்தம் மாறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இரவில் சுவரெதிரே நிறுத்தி இரண்டு ஹெட்லைட் ஒளியும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்க்கலாம். ஒரு ராத்திரி நின்ற இடத்தில் தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் சொட்டியிருக்கிறதா என்று காலையில் பார்க்க வேண்டும். நேர் சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அடி சக்கரத்துக்கும் போயிருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் பம்பரைக் கழற்றிப் பார்த்து எஸ்டிமேட் வாங்கிய பிறகே முடிவெடுக்க வேண்டும். கழற்றிப் பார்க்க ஒரு சின்னக் கூலி கேட்பார்கள். அதைக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

எஸ்டிமேட்டை இரண்டு இடத்தில் வாங்குவது நல்லது. ஒன்று கம்பெனி சர்வீஸ் சென்டர், மற்றொன்று பழக்கமான வெளி ஒர்க் ஷாப். வாங்கும்போது காப்பீட்டில் போடப் போகிறோமா இல்லையா என்பதைச் சொல்லாமல் இருப்பதே மேல். “க்ளெய்ம்ல போட்டுடலாம் சார், உங்களுக்கு ஃபைல் சார்ஜ் மட்டும்தான்” என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அடுத்த ஐந்து புதுப்பிப்புகளின் பிரீமியத்தைக் கட்டப்போவது அவரில்லை, அந்தத் தொகை அவருடைய கணினித் திரையில் வருவதும் இல்லை. பழுது பார்த்தாலே போதுமென்ற பாகத்தை மாற்றுவதாகவும், ஒரு பேனலுக்குப் பதில் மூன்று பேனல் பெயின்ட் என்றும் எஸ்டிமேட் வளர்வது க்ளெய்ம் என்று சொன்ன பிறகுதான் அதிகம் நடக்கிறது.

உடனே சரிசெய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் உள்ள கீறல் துருப்பிடிக்காது. கண்ணை உறுத்தாவிட்டால் எத்தனை மாதமும் கிடக்கலாம். தகடு தெரியுமளவுக்குப் பெயின்ட் பெயர்ந்த கதவும் ஃபெண்டரும் அப்படியல்ல. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் ஓரத்தில் பெயின்ட் கொப்பளிக்க ஆரம்பித்துவிடும். அதற்கு முன் டச்-அப் பெயின்டாவது வைத்துவிட வேண்டும். பெயின்ட் உடையாமல் நெளிவு மட்டும் விழுந்திருந்தால், உள்பக்கமிருந்து நெம்பி எடுக்கும் முறையில் பட்டி வைக்காமலே சரிசெய்து தருபவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கம்பெனியின் ஒரிஜினல் பெயின்ட் அப்படியே நிலைப்பதால், விற்கும்போது காரின் மதிப்புக்கும் இது நல்லது.

கணக்குப் பார்க்கக் கூடாத இடங்கள்

யாருக்காவது காயம் பட்டிருந்தால் இது சின்ன விபத்து அல்ல. கார் எவ்வளவு குறைவாக நெளிந்திருந்தாலும் சரி. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர் மேல் சுமத்தும் கடமை. போனஸ் போய்விடுமே என்ற பயத்தில் இதை மறைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தேர்டு பார்ட்டி க்ளெய்மால் நோ க்ளெய்ம் போனஸ் போவதில்லை. போனஸ் ஓன் டேமேஜ் பகுதியைச் சேர்ந்தது மட்டுமே. மறைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வரும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் முதல்முறையாகச் சொல்வது மிக மோசமான நிலை.

அடுத்தவர் வண்டியில் சேதம் என்றாலும் கவனம் தேவை. சாலையோரத்தில் பேசிக் கையில் பணம் கொடுத்து முடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஒரு ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் உடைந்ததென்றால் அது நடைமுறைக்கு ஒத்ததுதான். ஆனால் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. சேதம் பெரிதாகும் வாய்ப்பு இருந்தால் பேரத்தில் இறங்காமல் தகவல் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. தனியார் காரின் பாலிசியில் அடுத்தவர் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கவர் இருக்கிறது.

தண்ணீர் புகுந்த காரும் இந்தப் பட்டியலில் சேரும். கார்பெட் நனைந்ததுபோல மட்டும் தெரிந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், நிறுவனத்துக்குச் சொல்லி டோ செய்து கொண்டுபோக வேண்டும். 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்த பலரின் எஞ்சின்கள் அதனாலேயே பாழாயின. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அந்தச் செலவுக்குப் பணம் கிடைப்பது கடினம்.

முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம்

விபத்தை உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. வாரக்கணக்கில் யோசித்துவிட்டுப் போனால் தாமதம் ஏன் என்ற கேள்வி வரும். அதனால் எஸ்டிமேட், பாலிசி வரி, கூட்டல் எல்லாம் ஓரிரு நாளில் முடிய வேண்டிய வேலைகள். நடந்த இடத்திலேயே நம்பர் பிளேட் தெரியும்படி ஒரு படம், சேதத்தைக் கிட்டத்தில் ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று என எடுத்து வைத்துக்கொண்டால் முடிவு எந்தப் பக்கம் போனாலும் உதவும். சர்வேயரோ நிறுவனத்தின் ஆளோ பார்ப்பதற்கு முன், அல்லது ஆப் வழியாகப் படங்களை அவர்கள் ஏற்பதற்கு முன், வேலையை ஆரம்பித்துவிடக் கூடாது.

தகவல் கொடுத்ததாலேயே போனஸ் போய்விடாது. பணம் வழங்கப்படும் முன் க்ளெய்மைத் திரும்பப் பெறலாம். உள்ளே சேதம் இருக்குமோ என்ற சந்தேகமுள்ள கார்களுக்கு இது நல்ல வழி: தகவல் கொடுத்து, கழற்றிப் பார்த்து, சேதம் சின்னதுதான் என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வது. ஆனால் திரும்பப் பெற்றதாக மின்னஞ்சலிலோ கடிதத்திலோ உறுதி வாங்காமல் விடக் கூடாது. நிறுவனத்தின் பதிவில் க்ளெய்ம் திறந்தபடியே கிடந்தால் புதுப்பிக்கும்போது போனஸை நிறுத்திவைப்பார்கள்.

ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்ததா, தனியார் கார் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்ததா என்பவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படவே வாய்ப்பு அதிகம்.

பழைய கீறல்களைச் சேர்த்துவிடுதல்

ஏற்கனவே இருந்த கீறல்களையும் நெளிவுகளையும் புதிய விபத்தோடு சேர்த்து ஒரே க்ளெய்மில் முடித்துவிடலாம் என்ற யோசனையை ஒர்க் ஷாப் பக்கத்திலிருந்தே சிலர் தருவார்கள். இதற்கு உடன்படவே கூடாது. ஒவ்வொரு விபத்தும் தனி க்ளெய்ம், தனிப் பிடித்தம். இடது கதவில் பைக் உரசியதும் வலது பம்பர் தூணில் இடித்ததும் ஒரே சம்பவத்தில் நடக்காது என்பது சர்வேயருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கீறலுக்குள் படிந்த அழுக்கு, ஓரத்தில் ஏறிய துரு, இடித்த உயரம் எல்லாமே காலத்தையும் காரணத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். நடந்ததை மாற்றிச் சொன்னதாகத் தெரிந்தால் உண்மையான சேதத்துக்கான பணமும் சேர்ந்து மறுக்கப்படலாம். இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய்க்காக ஒரு நேர்மையான க்ளெய்மைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அதே போல, க்ளெய்ம் வாங்கிவிட்டு நிறுவனம் மாறும்போது வாங்கவில்லை என்று அறிவித்துப் போனஸ் பெறுவதும் ஆபத்து. புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பலன்களை மறுக்க அவர்களுக்கு வழியிருக்கிறது. அது தெரியவருவதும் பெரிய விபத்துக்குப் பிறகு, பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

கைக்காசில் சரிசெய்தவர் பில்லையும் வேலைக்கு முந்தைய, பிந்தைய படங்களையும் வைத்திருக்க வேண்டும். பின்னொரு நாள் அதே பேனலில் உண்மையாகவே அடி விழுந்து க்ளெய்ம் போடும்போது, இது பழைய சேதம் என்று சர்வேயர் சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு அவைதான் இருக்கும். பாலிசியை முடியும் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். முடிந்து 90 நாளுக்கு மேல் போனால், க்ளெய்மே வாங்காமல் சேர்த்த போனஸ் அத்தனையும் காலாவதியாகிவிடும். அதற்கு முன்பேகூட, ஓரிரு நாள் விடுபட்டால் காரை மறுபடி பரிசோதித்து இருக்கும் கீறல்களையெல்லாம் குறித்துக்கொண்டுதான் பாலிசி தருவார்கள். குறிக்கப்பட்ட கீறல்களுக்குப் பிறகு க்ளெய்ம் கிடையாது. புதுப்பித்த பாலிசி வந்ததும் நோ க்ளெய்ம் போனஸ் வரியில் சதவீதம் ஒரு படி ஏறியிருக்கிறதா, 50-இல் இருந்தவருக்கு 50 அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, தவறியிருந்தால் உடனே திருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும்.